சுழலாத சக்கரங்கள்: கொழும்பின் ஒளிப் பந்தல்களும் கணினித் திரையும்

கொழும்பின் வடபகுதியில் வெசாக் பூரணையை ஒட்டி எழும் மின்விளக்குப் பந்தல்கள் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு ஜாதகக் கதைகளைச் சொன்னாலும், அவற்றின் நடுப்பகுதி பெரும்பாலும் மாறுவதில்லை. அமர்ந்த நிலையில் ஒரு புத்தர் உருவம், அதைச் சுற்றி ஒரே அளவான இதழ்களோ கதிர்களோ நட்சத்திரங்களோ சம இடைவெளியில் அடுக்கப்பட்ட வளையங்கள், அவ்வளையங்களில் ஒன்று வலமாகவும் அடுத்தது இடமாகவும் ஓடிக்கொண்டிருக்கும் வெளிச்சம் என்பதே அந்த அமைப்பு. பார்ப்பவர்கள் சக்கரம் சுழல்கிறது என்று சொல்வார்கள். உண்மையில் பந்தலின் முகப்பில் எதுவும் சுழல்வதில்லை, சட்டத்தில் அறையப்பட்ட மின்குமிழ்கள் அறைந்த இடத்திலேயே இருக்க, அவை எரிந்து அணையும் வரிசை மட்டுமே இடம் பெயர்கிறது. இன்று அசைவு வரைகலை மென்பொருள், அதாவது எழுத்துக்கும் வடிவத்துக்கும் திரையில் அசைவு கொடுக்கும் மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருள், வைத்திருக்கும் எவரும் இதே வளையத்தைச் சில நிமிடங்களில் உருவாக்கிவிட முடிகிறது. மென்பொருளுக்கு முன்பே இந்த வளையத்தின் கணக்கு கொழும்புத் தெருக்களில் மரத்தாலும் செம்பாலும் செய்து முடிக்கப்பட்டிருந்தது என்பது அசைவு வரைகலையின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாகக் கவனிக்காத செய்தி.

ஒரு வடிவத்தை எடுத்து வட்டத்தில் திரும்பத் திரும்ப அடுக்கும் பழக்கம் இலங்கைக் கலையில் மிகப் பழையது. அநுராதபுரத்துக் கட்டடங்களின் படிக்கட்டு அடியில் பதிக்கப்பட்ட அரைவட்ட வடிவான சந்திரவட்டக் கற்களில், வெளிவிளிம்பில் தீச்சுவாலை வரிசையும், அதற்குள் யானை, குதிரை, சிங்கம், எருது ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வரிசையும், அதற்குள் கொடியும் அன்னமும், நடுவில் தாமரையும் ஒரே மையத்தைக் கொண்ட வளையங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. பொலன்னறுவைக் காலத்தில் விலங்குகள் தனித்தனி வளையங்களுக்குப் பிரிக்கப்பட்டு, எருது கல்லிலிருந்து நீக்கப்பட்டது. சோழராட்சிக்குப் பின் சைவச் செல்வாக்கு மிகுந்திருந்த நகரில் நந்தியின் உருவத்தை மிதிப்பது தகாது என்ற எண்ணமே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வளையத்தில் எந்த உருவம் எத்தனை முறை வரவேண்டும் என்பது அழகு பற்றிய முடிவாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இது போதிய சான்று.

இத்தகைய அலங்கார முறைகளை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தவர் தமிழர் ஒருவருக்குக் கொழும்பில் பிறந்த மகன். முத்துக் குமாரசுவாமியின் மகனாக 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் காலச் சிங்களக் கைவினைகளைப் பற்றிய தமது பெருநூலை 1908இல் வெளியிட்டார். இதழ் வரிசை, கொடி வரிசை, தாமரை வட்டம் என ஒவ்வொரு அலகையும் தனித்தனியே வரைந்து, அவை எவ்வாறு தொடுக்கப்படுகின்றன என்பதையும் அதில் காட்டினார். கைவினைஞர் ஒரு முழுக் காட்சியை மனத்தில் வைத்து வரையவில்லை, சில அலகுகளையும் அவற்றை அடுக்கும் விதிகளையுமே பயின்றிருந்தார் என்பது அந்நூலின் படங்களைத் தொடர்ந்து பார்ப்போருக்குப் புலப்படும். அவருடைய தந்தையின் சகோதரி மக்களான பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இதே வட்டத்தின் வேறொரு வடிவத்தோடு தொடர்புடையவர்கள். அவர்களின் தந்தை பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொச்சிக்கடையில், கொட்டாஞ்சேனையை அடுத்து, எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோவிலை இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் மீளக் கட்டுவித்தார். பொலன்னறுவையில் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்துக்கு வந்த சைவ வெண்கலப் படிமங்களைப் பற்றி அருணாசலம் ஆய்வுரை எழுதினார். குமாரசுவாமி அவற்றைப் பட்டியலிட்டு 1914இல் நூலாக்கினார்.

இராமநாதன் கட்டுவித்த கோவிலின் பெயரிலேயே இருக்கும் கூத்தப்பெருமானைச் சுற்றிய திருவாசியும் ஓர் அலகைத் திரும்ப அடுக்கியதால் உண்டான வளையமே. மெழுகு வார்ப்பு முறையில், அதாவது மெழுகில் உருவத்தைச் செய்து களிமண்ணால் மூடிச் சூடாக்கி மெழுகை வடியவிட்டு அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில், சுடர்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து வளையத்தில் ஒட்டப்படுகின்றன. ஒவ்வொரு சுடரும் வெளிநோக்கி நிற்பதால், மேலே இருப்பது நேராகவும் பக்கத்தில் இருப்பது படுத்தும் தோன்றுகிறது. அலகு நகரும்போது அதன் திசையும் மையத்தை ஒட்டித் திரும்புவது என்ற இவ்விதிதான் பின்னாளில் மென்பொருளில் ஒரு சிறு கட்டத்தைத் தட்டினால் கிடைக்கும் வசதியாயிற்று.

கொழும்பின் வளையம் கோவிலையும் விகாரையையும் விட்டுத் தெருவுக்கு வந்தது ஒரு கலவரத்துக்குப் பின். 1883 மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனை விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையே நிகழ்ந்த அம்மோதலில் குற்றவாளிகள் தண்டிக்கப்படாதது பௌத்தரிடையே பெரும் மனக்குறையை உண்டாக்கியது. 1880இல் இலங்கைக்கு வந்திருந்த அமெரிக்கரான கேணல் ஹென்றி ஒல்கொட் 1884இல் அவர்கள் சார்பில் லண்டன் சென்று குடியேற்ற நாட்டு அமைச்சில் முறையிட்டார். மறு ஆண்டு ஆளுநர் ஆர்தர் கோர்டனின் ஆட்சியில் வெசாக் நாள் பொது விடுமுறையாயிற்று. 1885 ஏப்ரல் 28ஆம் நாள், அந்த முதல் விடுமுறை வெசாக்கன்று, கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமயத்தில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பௌத்தக் கொடியை முதன்முறையாகப் பொதுவில் ஏற்றினார். பாணந்துறையில் 1873இல் கிறித்தவப் போதகர்களோடு நடத்திய விவாதத்தால் ஏற்கெனவே புகழ் பெற்றிருந்தவர் அவர்.

அக்கொடியைத் திட்டமிட்ட கொழும்புக் குழு, புத்தரின் உடலிலிருந்து வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் ஆறு நிறக் கதிர்களை, நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள், இவற்றின் கலவை என்ற வரிசையில், நேர்கோட்டுப் பட்டைகளாக்கித் துணியில் வைத்தது. மின்சாரம் வந்த பிறகு அதே நிறங்கள் புத்தர் தலையைச் சுற்றிய ஒளிவளையங்களாகப் பந்தலில் வளைந்தன. கொடியைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். வளையத்தைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. தெருவில் நிற்பவரைக் கட்டிப்போட்டது வளையமே.

மின்சாரம் கொழும்புக்கு மெல்லவே வந்தது. 1895இல் புஸ்டெட் நிறுவனம் கோட்டைப் பகுதிக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது, 1899 முதல் அந்நிறுவனத்தின் டிராம் வண்டிகள் ஓடின. ஆயினும் சாதாரணத் தெருவுக்கு ஓரிரவில் ஆயிரக்கணக்கான குமிழ்களை எரிக்கும் அளவு மின்சாரம் கிட்ட நெடுங்காலம் சென்றது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே வாதிட்ட லக்சபான நீர்மின் திட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியதும், புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500 ஆண்டு நிறைவைக் குறித்த 1956ஆம் ஆண்டுப் புத்த ஜயந்தி அரசு ஆதரவோடு நாடெங்கும் கொண்டாடப்பட்டதும் ஒன்றுக்கொன்று அடுத்து நிகழ்ந்தவை. புறக்கோட்டை, பாலத்துறை, தெமட்டகொடை, பொரளை, தொட்டலங்க ஆகிய இடங்களின் பெரும் பந்தல்கள் நகரின் நிலையான காட்சியாக அமைந்ததற்கு இவை இரண்டுமே துணை செய்தன. கமுகும் மூங்கிலும் கட்டிய சாரத்தின் மேல் ஓவியப் பலகைகளைப் பொருத்தி, ஒவ்வொரு பலகையாக ஒளியூட்டி, அக்காட்சிக்குரிய கவிகளை ஒலிபெருக்கியில் பாடவிட்டுக் கதை சொல்லும் முறை அந்தப் பந்தல்களுக்கு உரியது. கொட்டாஞ்சேனைத் தமிழ்க் குடும்பங்களும் வெள்ளவத்தையிலிருந்து பேருந்தேறி வரும் குடும்பங்களும் அவ்விரவுகளில் ‘வெசாக் பார்க்க’ப் போவது வழக்கம்; கதை புரியாத குழந்தைகளும் வளையத்தைப் பார்த்து நிற்கும்.

இனி அந்த வளையம் ஓடிய விதம். மின்னணுச் சுற்றுகள் கைக்கு எட்டுவதற்கு முன், பந்தலின் பின்புறம் ஒரு மர உருளை இருந்தது. அதன் மேற்பரப்பில் செப்புத் தகட்டுப் பட்டைகள் அறையப்பட்டிருக்கும், ஒரு சிறு மோட்டார் அதை மெதுவாகச் சுழற்றும், உருளையை உரசியபடி வரிசையாக நிற்கும் உலோக நாக்குகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி முகப்புக்குப் போகும். நாக்கின் அடியில் செப்பு வரும்போது அக்கம்பியில் உள்ள குமிழ்கள் எரியும், மரம் வரும்போது அணையும். ஒரு வளையத்தில் 36 குமிழ்கள் இருந்தால் 36 கம்பிகள் தேவையில்லை, மூன்றே போதும். முதல் கம்பியில் 1, 4, 7 என்றும், இரண்டாவதில் 2, 5, 8 என்றும், மூன்றாவதில் 3, 6, 9 என்றும் பன்னிரண்டு பன்னிரண்டாகக் குமிழ்களைச் சேர்த்து, மூன்று கம்பிகளுக்கும் அடுத்தடுத்து மின்சாரம் கொடுத்தால், எரியும் குமிழ் ஒவ்வொன்றும் ஒரு படி முன்னே நகர்ந்ததாகக் கண் எடுத்துக்கொள்ளும். கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றிப் பூட்டினால் அதே வளையம் எதிர்ப்புறம் ஓடும். இரண்டே கம்பிகளைக் கொண்டு இதைச் செய்ய முடியாது; குமிழ்கள் மாறி மாறி மின்னுமே தவிர, வலமா இடமா என்று கண்ணால் தீர்மானிக்க இயலாது, ஏனெனில் அணைந்த குமிழின் இரு பக்கமும் எரியும் குமிழ் ஒரே தூரத்தில் இருக்கும். திசை பிறக்கக் குறைந்தது மூன்று வேண்டும்.

உருளையில் அந்த மூன்று செப்புப் பட்டைகளும் சுற்றளவில் ஒன்றுக்கொன்று மூன்றிலொரு பங்கு, அதாவது 120 பாகை, தள்ளி அறையப்படுகின்றன. உருளையின் கோணம் சுழற்சியில் காலமாக மாறுகிறது, அந்தக் காலம் முகப்பின் வளையத்தில் மறுபடியும் கோணமாகத் தெரிகிறது. பட்டைகளைக் குறுக்கி ஒரு சுற்றுக்கு இருமுறை வருமாறு அறைந்தால் அதற்குரிய வளையம் இரட்டை வேகத்தில் ஓடும். ஆகவே ஒரே உருளையில், ஒரே மோட்டாரின் ஓட்டத்தில், வெவ்வேறு வேகமும் திசையும் கொண்ட பல வளையங்களை இயக்க முடிந்தது. இந்த உருளை, தான் ஓட்டிய வளையங்களைவிட அழகான பொருள் என்று கருதவும் இடமுண்டு. பந்தல் பிரிக்கப்பட்டதும் அதைச் சேமித்துக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் உருவாகாதது கைத்தொழில் வரலாற்றுக்கு இழப்பே.

எண்ணிக்கையில் இன்னொரு சிக்கல் உண்டு. கவராயத்தின் விரிவை மாற்றாமல் அதையே வட்டத்தின் சுற்றில் அடிமேல் அடியாக வைத்துச் சென்றால் சரியாக ஆறு புள்ளிகள் கிடைக்கும் என்பதால், கயிறும் ஆணியும் கொண்டு சட்டம் அடிக்கும் தச்சருக்கு 6, 12, 24, 48 எளிது. தாளை மடித்து வெட்டி அலங்காரம் செய்பவருக்கோ 8, 16, 32 எளிது. வீட்டு வாசல்களில் தொங்கும் எண்கோண வெசாக் கூடுகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்று கம்பி முறை முதல் வரிசையோடு ஒத்துப்போகிறது, இரண்டாவதோடு மோதுகிறது. 16 குமிழ் வளையத்தை மூன்று கம்பிகளில் பூட்டினால் பதினாறாவது குமிழும் முதல் குமிழும் ஒரே கம்பியில் விழுந்து, வெளிச்சம் அவ்விடத்துக்கு வரும்போதெல்லாம் நொண்டும். எண்கோண அமைப்பை விரும்புபவர் நான்கு கம்பி முறைக்குப் போகவேண்டும், அதற்கு உருளையை 90 பாகைக் கணக்கில் புதிதாக அறையவேண்டும். அலங்காரத்தின் எண்ணிக்கையும் மின்சாரத்தின் எண்ணிக்கையும் ஒன்றை மற்றொன்று வகுத்துத் தீரவேண்டும் என்ற கட்டாயம், பந்தல் வளையங்களுக்கு ஒரு தெளிவைக் கொடுத்தது.

நின்ற பொருள் ஓடுவதாகக் காணும் கண்ணின் இயல்பை ஐரோப்பியர் ஒரு நூற்றாண்டு ஆராய்ந்திருந்தனர். 1832இல் பெல்ஜியத்தின் யோசஃப் பிளாட்டோ, வட்டத் தட்டின் விளிம்பில் ஒரே உருவத்தைச் சிறு சிறு மாற்றங்களோடு திரும்ப வரைந்து, தட்டைச் சுழற்றிப் பிளவுகள் வழியே கண்ணாடியில் பார்த்தால் உருவம் நடனமாடுவதைக் காட்டினார். 1912இல் மாக்ஸ் வெர்தைமர், அடுத்தடுத்து எரியும் இரு ஒளிகளுக்கு இடையே இல்லாத அசைவைக் கண் எவ்வாறு காண்கிறது என்பதைச் சோதனைகளால் விளக்கினார். திரைக்கலைக்கு இந்த மரபைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஜான் விட்னி. இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிபார்க்கச் செய்த கணிப்பொறியைப் போர் முடிந்தபின் வாங்கி, அதன் சுழல் தட்டுகளையும் பல்சக்கரங்களையும் கொண்டு வரைபடங்களை நகர்த்திப் படமாக்கினார் அவர். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படத்துக்கு 1958இல் சால் பாஸ் அமைத்த தலைப்புக் காட்சியின் சுருள்கள் அவ்வழி வந்தவை. 1960இல் விட்னி தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே ‘மோஷன் கிராஃபிக்ஸ்’ என்ற சொற்கள் இடம்பெற்றன. ஒரே சுழற்சியிலிருந்து பல அசைவுகளைப் பிரித்தெடுக்கும் உத்தி அவருடைய இயந்திரத்துக்கும் கொழும்புப் பந்தலுக்கும் பொது. ஒன்று ஆய்வு நூல்களில் ஏறியது, மற்றது வெசாக் முடிந்ததும் கழற்றி வைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான முயற்சி வாசலிலிருந்து தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974இல் வெளியிட்ட ஆய்வில், கோலங்களைக் கணினி மொழியியலின் இலக்கணங்களாக எழுதலாம் என்று காட்டினர். ஒரு சிறு அலகும் அதைப் பெருக்கும் விதியும் தெரிந்தால் எத்தனை பெரிய கோலத்தையும் கணினியே வளர்த்துவிடும் என்ற அவர்களின் கண்டுபிடிப்பு, குமாரசுவாமி கைவினைஞரிடம் பார்த்த அதே அறிவைக் கணித மொழியில் சொன்னது எனலாம்.

மேசைக் கணினிக்கு இந்த அறிவு வந்து சேர்ந்தது சற்றுப் பிந்தித்தான். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஒரு சிறு நிறுவனம் 1993இல் வெளியிட்ட ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள், அல்டஸ் நிறுவனம் வழியாக மறு ஆண்டே அடோபியின் கைக்கு மாறியது. அதில் பன்னிரண்டு இதழ்களை வட்டமாக அடுக்க விரும்பியவர் முதலில் இதழைப் பன்னிரண்டு முறை படியெடுத்து, ஒவ்வொன்றையும் 30, 60, 90 எனக் கையால் திருப்பவேண்டியிருந்தது. இதழின் வடிவத்தைப் பின்னர் மாற்ற நினைத்தால் வேலை முழுவதும் மறுபடி தொடங்கும். ஜெர்மனியின் சினிமா 4டி மென்பொருள் 2006இல் குளோனர் என்ற கருவியைக் கொண்டுவந்தது, 2007இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வடிவ அடுக்குகளும் ரிப்பீட்டர் என்ற கட்டளையும் சேர்ந்தன. ஓர் இதழை மட்டும் வரைந்து, படிகள் 12, திருப்பம் 30 பாகை என்று கொடுத்தால் மீதிப் பதினொன்றும் தாமே தோன்றும். மூல இதழைத் தொட்டால் பன்னிரண்டும் மாறும்.

புதிதாகப் பழகுவோர் அங்கே இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். ரிப்பீட்டர் தொடக்கத்தில் படிகளைப் பக்கவாட்டில் 100 புள்ளி தள்ளி வைக்குமாறு அமைந்திருப்பதால் அந்த எண்ணைச் சுழியாக்கவேண்டும், அதோடு இதழை அச்சுப் புள்ளியிலிருந்து, அதாவது எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு வடிவம் திரும்புகிறதோ அதிலிருந்து, விலக்கி வைக்கவேண்டும்; விலக்காவிட்டால் பன்னிரண்டு இதழ்களும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தம் இடத்திலேயே திரும்பி நிற்கும், வட்டம் விரியாது. அடுத்தது வகுத்தல். பன்னிரண்டு புள்ளிகளுக்கு இடையே பதினொரு இடைவெளி என்று எண்ணி 360ஐப் பதினொன்றால் வகுப்பவருக்குக் கடைசி இதழ் முதல் இதழின் மேல் போய் விழுகிறது. நேர்கோட்டுக்குப் பொருந்தும் கணக்கு வட்டத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் வட்டத்தில் கடைசிக்கும் முதலுக்கும் நடுவிலும் ஓர் இடைவெளி வேண்டும். தச்சர் இந்தப் பிழையை ஆணி அடிக்கும்போதே கண்டுகொள்வார், மென்பொருளில் அது மறைந்து நிற்கும்.

வெள்ளவத்தையின் காலி வீதியில் இந்தக் கலையின் இன்றைய பயன்பாடு மிகச் சாதாரணமானது. திருமணக் காணொளியின் முகப்பில் மணமக்கள் பெயரைச் சுற்றி விரியும் தாமரை, பொங்கல் வாழ்த்தில் சுழலும் கோலம், கோவில் திருவிழா அறிவிப்பில் வேலைச் சூழ்ந்த கதிர்கள் எல்லாம் ஒரே கட்டளையின் பிள்ளைகள். ஆடி வேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை வெள்ளித் தேர் போகும் பாதையின் அலங்கார விளக்குகளும், வெசாக்கின் ஒளிவளையங்களும் ஒரே மின்வேலைக்காரர்களின் கைவண்ணமாக இருப்பது கொழும்பில் வியப்பில்லை. ஆனால் ஒளியைத் தெருவில் வைப்பதற்குத் தெரு பாதுகாப்பாக இருக்கவேண்டும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டதையும், 2019 ஏப்ரலில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானதை அடுத்து அவ்வாண்டு வெசாக் அடக்கமாகவே நடந்ததையும், 2020இலும் 2021இலும் பெருந்தொற்றால் பந்தல்கள் எழாததையும் விட்டுவிட்டு இத்தொழிலின் வரலாற்றை எழுத இயலாது.

செப்பு உருளையின் இடத்தை இப்போது நுண்கட்டுப்பாட்டுச் சில்லுகளும் எல்இடி விளக்குகளும் எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு விளக்குக்கும் தனி முகவரி இருப்பதால் மூன்று கம்பிக் கட்டாயம் போய்விட்டது, வளையத்தை முதலில் திரையில் வரைந்து பார்த்துவிட்டு, அதன் காட்சிச் சட்டங்களையே விளக்குகளுக்கு அனுப்பவும் முடிகிறது. அதன் விளைவாக வளையத்தின் இடத்தில் முழுக் காணொளியே ஓடும் பந்தல்கள் வரத் தொடங்கின. அவை தூரத்திலிருந்து ஒரு பெரிய தொலைக்காட்சியாகத் தெரிவதைக் குறையாகவே கொள்ளவேண்டும். புதிய வசதியால் விளைந்த நன்மையும் இல்லாமல் இல்லை. ஏழு இதழ் வட்டத்துக்கு 360ஐ ஏழால் வகுத்தால் 51.428… என்று முடிவில்லாது போகும் எண் வருகிறது. வட்டத்தை ஏழு சம பங்குகளாகக் கவராயத்தாலும் அளவுகோலாலும் மட்டும் துல்லியமாக வகுக்க முடியாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட செய்தி, கயிறும் ஆணியும் அதில் தோற்கும். மென்பொருள் ஏழையும் பதினொன்றையும் பன்னிரண்டைப் போலவே சலனமின்றி அடுக்குவதால், மரச்சட்டத்தில் அரிதாக இருந்த ஒற்றைப்படை வளையங்கள் இனி முதலில் திரையிலும் பின்னர் பந்தலிலும் பெருக வழி பிறந்திருக்கிறது.